வேலூரிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்காவைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வழியில் மாமல்லபுரத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் காட்பாடியில் எங்கள் தெருவிலும் வேலை செய்யும் இடத்திலும் ஆளாளுக்குக் கேட்பார்கள்: எப்படிப் போறது, எங்க தங்கறது, குழந்தைங்களைக் கடல்ல இறக்கலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள். விடிகாலையில் கடலைப் பார்க்காமல் திரும்பி வருவது, கல்யாணத்துக்குப் போய்த் தாலி கட்டுவதைப் பார்க்காமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருகிற மாதிரி.

ஏன் மாமல்லபுரம்? மெரினாவோ பாண்டிச்சேரியோ போகக்கூடாதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் மெரினா பார்க்கிற கடற்கரை, இறங்கிக் குளிப்பதற்கு ஏற்றது இல்லை. பாண்டிச்சேரியில் ஊருக்கு நேர் எதிரே இருக்கிற கடற்கரைச் சாலை நடக்க அருமையான இடம், ஆனால் அங்கே கரையில் பெரும்பகுதி கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அகலமான மணல் கரை வேண்டும் என்றால் சுண்ணாம்பாற்றில் படகு ஏறியோ, ஊருக்கு வெளியே போயோதான் ஆக வேண்டும். மாமல்லபுரத்தில் தங்குகிற இடம், கடல், கோயில், சாப்பாடு எல்லாமே நடக்கிற தூரம். வயசானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். கடல் அலுத்துவிட்டால் பார்ப்பதற்கு, 1984-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த சிற்பங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

எவ்வளவு தூரம்? எந்த வழி?

வேலூரிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். சென்னை போகிற நெடுஞ்சாலையில் வாலாஜா தாண்டி, காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். காரில் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குள் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், சனிக்கிழமை அந்தத் தப்பைச் செய்யாதீர்கள், நகரத்துக்குள்ளேயே பாதி நாள் போய்விடும்.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் காஞ்சிபுரத்தில் காலை டிபனை முடித்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் இட்லியை அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள், மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யுமாக அது வேறு ருசி. ஒன்று தின்றாலே மதியம் வரைக்கும் தாங்கும்.

பஸ்ஸில் போக முடியுமா? ரயில்?

முடியும். புதிய பஸ் நிலையத்தில் காஞ்சிபுரம் பஸ் அடிக்கடி கிடைக்கும். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸைப் பிடிக்கலாம், அது உடனே கிடைக்காவிட்டால் செங்கல்பட்டில் இறங்கி மாறிக்கொள்ளலாம். அங்கிருந்து ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ரயில் பிரியர்களுக்கு: மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. காட்பாடியிலிருந்து அரக்கோணம், அங்கிருந்து காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு போகிற வண்டி, அப்புறம் பஸ். அரக்கோணம் – செங்கல்பட்டு பாதையில் வண்டிகள் குறைவு, அதனால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். குடும்பத்தோடு மூட்டை முடிச்சு தூக்கிக்கொண்டு இப்படி மாறி மாறிப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தனியாளாக, அவசரம் இல்லாமல் போகிறீர்கள் என்றால் அந்த ரயில் பாதை அழகு.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. வெயில் இதமாக இருக்கும், மழை போயிருக்கும். ஆனால் நமக்கு லீவு கிடைப்பதோ ஏப்ரல், மே. வேலூர் வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மலையும் பாறையும் சூட்டை வாங்கி ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்கும். மாமல்லபுரத்தில் அதே மே மாதத்தில் சூடு நம் ஊரை விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் புழுக்கம் அதிகம். மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்பிவிட்டால் சுகம். அதுவரை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை அறையிலோ நிழலிலோ இருந்துவிடுங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் உருவாகிற காலமும் அதுதான். பார்க்கக் கடல் கம்பீரமாக இருக்கும், ஆனால் தண்ணீரில் இறங்குவதற்கான மாதம் இல்லை. டிசம்பர் கடைசியில் நாட்டிய விழா தொடங்கும், அதற்காகப் போகிறவர்கள் போகலாம். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்றைக்கு மணல் தெரியாது, மனிதர்கள்தான் தெரிவார்கள்.

மாசி மகத்தை ஒட்டிப் போகிற வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். இருளர் மக்கள் கன்னியம்மனைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேர்கிற நாள் அது. நம் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். சேலையையும் துணியையும் கட்டிக் கூடாரம் போட்டு, ராத்திரி அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, விடியற்காலையில் மணலிலேயே மேடை கட்டிப் பூஜை செய்வார்கள். கல்யாணம்கூட அங்கேயே நடக்கும். நான் ஒரு முறை பார்த்தேன், சத்தம் போடாமல் தள்ளி நின்று. அவர்கள் வழிபாட்டுக்கு நடுவே போய் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டுகிற ஆட்களும் அங்கே இருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஒரே நாளில் போய்விட்டு வர முடியாதா?

முடியும், வேன் வைத்துக்கொண்டு நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். போய்ச் சேரும்போது பத்து மணி ஆகிவிடும், வெயில் ஏறிவிடும், கல்லில் கால் வைக்க முடியாது. மதியம் சாப்பாட்டுக்கு அலைந்து, மூன்று மணிக்குக் கடலுக்குப் போய், ஆறு மணிக்கு ஈரத் துணியோடு வண்டி ஏறி, நள்ளிரவுக்கு வீடு. இரண்டு நாளாகப் போனால் இதையே வேறு விதமாகச் செய்யலாம்: மதியம் சேர்ந்து அறையில் படுத்து எழுந்து, சாயங்காலம் கடல், மறுநாள் விடிகாலையில் சூரியன், வெயில் ஏறுவதற்குள் கோயிலும் ரதமும், பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு நிதானமாக வீடு.

சூரியன் உதிப்பது மே மாதத்தில் 5.45 மணிக்கெல்லாம் ஆகிவிடும், ஜனவரியில் 6.30 தாண்டும். அதற்கு அரை மணி முன்னாடியே கரையில் இருங்கள். நம் கடல் கிழக்குக் கடல், இங்கே சூரியன் கடலில் மறையாது. சாயங்காலம் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கக் காத்திருந்து ஏமாந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தங்குவதற்கு?

கடலோரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது, மரமும் நிழலுமாகப் பெரிய வளாகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளத்தோடு கூடிய பெரிய ரிசார்ட்டுகள், ஊருக்குள் சின்ன லாட்ஜுகள். கையில் இருக்கிற காசுக்குத் தக்கபடி எல்லாமே உண்டு, சனி ஞாயிறு வாடகை ஏறும்.

படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஒரு முறை கடல் தெரியும் அறை என்று போட்டிருந்ததை நம்பி முன்பணம் கட்டினேன். போய்ப் பார்த்தால் கரைக்கும் அறைக்கும் அரை கிலோமீட்டர், அம்மாவால் அந்த மணலில் நடக்க முடியவில்லை. அன்றிலிருந்து போனில் கூப்பிட்டு, வீடியோவில் அறை ஜன்னலிலிருந்து கடல் வரைக்கும் நடந்து காட்டச் சொல்கிறேன். நல்ல இடமாக இருந்தால் சந்தோஷமாகக் காட்டுவார்கள். அதோடு மூன்று விஷயம் கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, குளித்துவிட்டு வந்து மணலைக் கழுவ வெளியே குழாய் உண்டா, வண்டி உள்ளே நிற்குமா.

அண்ணா, கடலில் குளிக்கலாமா? பசங்க ரொம்ப ஆசைப்படுறாங்க.

எல்லாரும் கேட்பது இதைத்தான், இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

நாம் கிணற்றிலும் ஏரியிலும் நீந்தக் கற்றவர்கள். இல்லையென்றால் நீந்தவே தெரியாதவர்கள், ஏனென்றால் நம் பாலாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில் என்று வேலூரைப் பற்றி அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்ப வந்துவிட்டார், ஆறு மட்டும் எப்போதாவதுதான் வருகிறது. அதனால் கடலைப் பார்த்ததும் நமக்கு ஒரு வெறியே வந்துவிடுகிறது. வண்டியிலிருந்து இறங்கி நேராக ஓடுகிறோம்.

கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் அப்படி இல்லை. அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வேண்டும் இல்லையா, அது ஏதாவது ஓர் இடத்தில் வழி பண்ணிக்கொண்டு வாய்க்கால் மாதிரி உள்ளே ஓடும். கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்கும், நடுவில் மட்டும் அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகவோ கருப்பாகவோ ஒரு பட்டை தெரியும். விவரம் தெரியாதவர்கள் அலை இல்லாத இடம் பத்திரம் என்று நினைத்து அங்கேதான் குழந்தையை இறக்குவார்கள். இழுப்பதும் அங்கேதான். நல்ல நீச்சல்காரனாலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது, கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு அலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

என் அக்கா பையனுக்கு அப்போது ஒன்பது வயசு. முழங்கால் தண்ணீரில்தான் நின்றான், நாங்கள் நாலு பேர் பக்கத்திலேயே இருந்தோம், மாமா போட்டோ எடுக்கக் கூப்பிட்டார் என்று கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். பின்னாலிருந்து வந்த அலை முட்டியை மடக்கியது. அது திரும்பும்போது அவன் காலடி மணலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. சட்டை மட்டும் ஒரு முறை மேலே தெரிந்தது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். நாங்கள் நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம், என்ன செய்வது என்று கைகால் ஓடவில்லை. அவர் திட்டவில்லை. "கடலுக்கு முதுகு காட்டாதீங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் வலையில் போய் உட்கார்ந்தார். அக்கா பணம் கொடுக்கப் போனதற்கு வாங்கவே இல்லை.

ஆகவே என் கணக்கு இது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். குழந்தைக்கு ஒரு பெரியவர், கையைப் பிடித்தபடி, வேறு வேலை எதுவும் இல்லாமல். மீனவர்களோ காவலர்களோ இறங்காதே என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் ஏறிவிடுங்கள். கடற்கரைக் கோயிலை ஒட்டிப் பாறைகள் இருக்கின்றன, அந்தப் பக்கம் இறங்கவே கூடாது. குடித்துவிட்டு ஒருவரும் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது, இதில் மாமா மச்சான் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். நன்றாகக் குளித்தே தீர வேண்டும் என்கிறவர்கள் நீச்சல் குளம் உள்ள விடுதியாகப் பார்த்துப் பணம் கொடுப்பது நல்லது. இன்னொரு வழி, வடக்கே கோவளம் கடற்கரை. அது நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய கடற்கரை, சுத்தமும் வசதியும் அங்கே கூடுதல்.

என்ன உடுத்துவது? பெண்கள் குளிக்க வசதி உண்டா?

புடவையோடு அலையில் நிற்பது ஆபத்து. நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொள்ளும். பருத்திச் சுடிதார், துப்பட்டா இல்லாமல், போதும். ஈரத் துணி மாற்றக் கரையில் நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு நாள் பயணமாக இருந்தாலும் சில மணி நேரத்துக்கு ஒரு லாட்ஜ் அறை எடுத்துவிடுங்கள், பெண்களுக்கு அது பெரிய நிம்மதி.

நகையை அறையிலேயே வைத்துவிடுங்கள். தங்கை மகளின் கொலுசு ஒன்று அலையில் போனது. மணல் காலுக்கடியில் சரியும்போது கொக்கி கழன்றதே தெரியவில்லை. மறுகாலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். அரை மணி நேரம் மணலைத் துழாவினோம், அது எங்கே கிடைக்கும்.

கடலில் நீலமாக, பிளாஸ்டிக் பை மாதிரி ஏதோ ஒதுங்கிக் கிடந்தது. தொடலாமா?

வேண்டாம். ஜெல்லி மீன் வகை, மீனவர்கள் சொறி என்பார்கள். கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் கையால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீன் எங்கே சாப்பிடுவது?

நம் ஊரில் மீன் என்றால் ஜிலேபி, கட்லா, விரால். கடல் மீன் ஐஸ் பெட்டியில் வந்து சேரும்போது அதற்கே அலுத்திருக்கும். அதனால் அங்கே போய் வஞ்சிரம், சங்கரா, கடம்பா, நண்டு என்று ஆசை வருவது நியாயம். கடலோரத் தெருக்களில் இருக்கிற உணவகங்களில் அன்றைக்கு வந்த மீனைத் தட்டில் வைத்துக் காட்டுவார்கள், நாமே தேர்ந்தெடுக்கலாம். கண் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா, செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை திரும்ப எழும்புகிறதா, இந்த மூன்றும் பாருங்கள். எடை போடுவதற்கு முன்பே விலை பேசிவிடுங்கள்.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சரியாக நம் கோடை விடுமுறை அதில்தான் விழுகிறது. சின்னப் படகுகள் போய்க் கரைக்குப் பக்கத்தில் பிடிக்கிற நெத்திலி, சங்கரா போன்றவை கிடைக்கும், பெரிய மீன் விலை ஏறியிருக்கும், பழையதாகவும் இருக்கலாம். மே மாதத்தில் யாராவது பெரிய வஞ்சிரத்தைக் காட்டி இன்றைக்கு வந்தது என்றால் செவுளைத் தூக்கிப் பாருங்கள்.

போகும்போது ஆம்பூர் பிரியாணியைக் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. காலையில் வாங்கி மதியத்துக்குள் சாப்பிடுவதாக இருந்தால் சரி, கத்திரிக்காயைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வரைக்கும் காருக்குள் வைத்திருந்து சாப்பிட வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடா வழியில்தான், அது ரெண்டு நாள் தாங்கும்.

சிற்பங்களைப் பார்க்க எவ்வளவு நேரம்? டிக்கெட்?

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு இலவசம். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஒன்றில் வாங்கியது அன்றைக்கே மற்றொன்றுக்கும் செல்லும். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். சூரியனைப் பார்த்த கையோடு உள்ளே போய்விடலாம்.

அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பம் கிழக்கு பார்த்தது, காலை வெயில் அதன் மேல் நேராக விழும், அப்போதுதான் உருவங்கள் பாறையிலிருந்து எழுந்து வருகிற மாதிரி இருக்கும். குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: தவம் செய்கிற பூனையைக் கண்டுபிடி. பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே ஒற்றைக் காலில் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருக்கும், சுற்றிலும் எலிகள். பாறைக்கு நடுவே ஒரு பிளவு, அதில் நாகர்கள். அந்தக் காலத்தில் மேலே தொட்டி கட்டித் தண்ணீரை அந்தப் பிளவில் இறக்கினார்கள் என்கிறார்கள். கங்கை இறங்கி வருகிற காட்சி என்று சிலர் சொல்வது அதனால்தான்.

ஐந்து ரதத்தில் திரௌபதி ரதத்தைப் பாருங்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் கிராமங்களில் நம் பாட்டி வீட்டுக் கூரை எப்படி வளைந்து இறங்குமோ, அப்படியே கல்லில். பாண்டவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பிற்காலத்தில் வைத்த பேர். பல்லவர்கள் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, முடிக்காமலே விட்டிருக்கிறார்கள். கடற்கரைக் கோயில் அதற்குப் பின்னால், ராஜசிம்மன் காலத்தில், கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. இரண்டு சிவன் சன்னதி, நடுவில் படுத்திருக்கிற பெருமாள்.

இதைச் சொல்லும்போது நம் ஆட்களிடம் ஒரு குறை எனக்கு உண்டு. மாமல்லனின் அப்பா மகேந்திரவர்மன் ஒரே பாறாங்கல்லைக் குடைந்து செய்த பெருமாள் கோயில் நம் பக்கத்தில், சோளிங்கர் போகிற வழியில் மகேந்திரவாடியில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு முந்தைய வேலை அது. அதை முதலில் பார்த்துவிட்டு மாமல்லபுரம் போங்கள், பிள்ளைகளுக்கு விஷயம் ஓடும்.

வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுகிற மாதிரிப் போட்டோ எடுக்காமல் யாரும் வரமாட்டார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். சரிவு வழுக்கும், அதில் ஓடவிடாதீர்கள். ஊருக்கு நடுவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தலசயனப் பெருமாள் கோயில், பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. பாட்டிகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைத் தவற விடாதீர்கள். வடக்கே ஐந்து கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம், புலிக்குகை. பக்கத்திலேயே 2004 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயில். எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கூட்டமே இருக்காது.

சிலை வாங்கலாமா?

வாங்குங்கள். உளிச் சத்தம் கேட்கிற பட்டறைக்குள்ளேயே போய் வாங்குங்கள். கையில் அடங்குகிற சின்னப் பிள்ளையார், யானை எல்லாம் பெரும்பாலும் மாக்கல். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். அதில் தப்பில்லை, ஆனால் கருங்கல் என்று சொல்லிக் கருங்கல் விலை கேட்டால் அடிப்பக்கத்தில் கீறிப் பாருங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஒரு சிற்பி நாள் முழுக்கத் தூசியில் உட்கார்ந்து செய்கிற பொருளுக்கு ரொம்பவும் அடித்துப் பேரம் பேசாதீர்கள்.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்திருக்கிறோம். நடுவில் மூன்று நாள் இடைவெளி. நோயாளியை அழைத்துப் போகலாமா?

வெளியூர்க்காரர்கள் தங்குகிற லாட்ஜ் வைத்திருக்கிற என் நண்பனிடம் வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் காரில் போங்கள், பஸ் வேண்டாம். தையல், புண், கட்டு இருந்தால் கடல் தண்ணீர் படக்கூடாது. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயங்காலக் காற்று வாங்கினாலே மனசுக்கு எவ்வளவோ தேவலை. வார்டிலேயே நாளைக் கழித்தவர்களுக்கு அந்தத் திறந்த வெளி என்ன செய்யும் என்று என் சித்தப்பாவைக் கூட்டிப் போனபோது கண்ணால் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் டீ கேட்டார். வாரக்கணக்கில் அவராக எதையும் கேட்டதே இல்லை.

வழியில் வேறு என்ன பார்க்கலாம்?

திருக்கழுக்குன்றம். மலை மேல் வேதகிரீஸ்வரர், படி ஏற வேண்டும், முன்பெல்லாம் மலைக்கு வந்த கழுகு இப்போது வருவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலி முதலைப் பண்ணை (திங்கட்கிழமை விடுமுறை), முட்டுக்காடு படகுத் துறை, தட்சிணசித்ரா (செவ்வாய்க்கிழமை விடுமுறை). எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

சங்கு, கிளிஞ்சல் பொறுக்கலாமா? குப்பை?

வெறும் கிளிஞ்சல் நாலைந்து பரவாயில்லை. உள்ளே உயிர் இருந்தால் திரும்பத் தண்ணீரில் விடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் ஆமைகள் கரையேறி மணலில் குழி தோண்டி முட்டையிடும். அந்த மாதங்களில் இரவில் கரையில் டார்ச் அடிக்காதீர்கள், கூச்சல் வேண்டாம். பிரியாணிப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் மணலில் புதைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு பையைக் கொண்டு போய் எல்லாவற்றையும் போட்டுத் திரும்ப வண்டியில் ஏற்றுங்கள்.

பாலாறு கடலில் சேருகிற இடம் அங்கேதான் இருக்கிறதாமே? பார்க்க முடியுமா?

முடியும், இதை யாராவது கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போனால் முதலில் சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும் எழுத்தும் படமும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம், அந்த வளாகத்தைப் படம் எடுக்க வேண்டாம். இன்னும் தெற்கே வாயலூர். அங்கே சாலைப் பாலத்துக்குக் கீழே ஓடுவது நம் பாலாறு. தடுப்பணை ஒன்றும் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல்.

2021 நவம்பரில் வேலூரில் பாலாறு இரண்டு கரையும் முட்டிப் போனதே, காட்பாடி பாலத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்ததே, அதற்கடுத்த மாசி மாதம் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அதுவரை அம்மா கடலையே பார்த்ததில்லை. காலையில் மாமல்லபுரத்தில் கடலைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புதான்" என்றார். வாயலூர்ப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். கீழே தண்ணீர் அகலமாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, கரையில் கொக்குகள். இது நம்ம பாலாறும்மா என்றேன். நம்பவில்லை. நம் ஆற்றில் அவர் பார்த்தது எல்லாம் மணலும், மணலில் ஊற்று தோண்டி எடுக்கிற தண்ணீரும், மாட்டு வண்டித் தடமும்தான். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், நம்ம ஊர் தாண்டித்தானே இது வந்திருக்கும் என்று கேட்டார். ஆமாம் என்றேன். கீழே இறங்க வழி இருக்கிறதா என்றார்.

இருக்கிறது. பாலத்தைத் தாண்டி மண் பாதை, முள் இருக்கும், செருப்பைக் கழற்றாதீர்கள். சேறு ஆழமாக இருக்கும், ஓரத்திலேயே நில்லுங்கள்.